வேண்டாம் என்று சொல்லும் உரிமை

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பழங்குடி மக்களின் தன்னாட்சி குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



பழங்குடிகளின் தன்னாட்சி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். தீவிர அம்பேத்கரியர். "கிராம சபைக்கு அதிகாரம் கொடு என்றுதானே கடைசியில் வந்து நிற்பாய்? கிராமத்தைப் பற்றி அண்ணல் என்ன சொன்னார் என்பது மறந்துபோச்சா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கேள்வி இல்லை அது. சாதி ஒழிப்பு அரசியலில் நிற்கிற ஒருவர் பழங்குடித் தன்னாட்சியை ஆதரிப்பதென்றால் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையின் முன் வைத்துப் பேசியபோது, 'கிராமக் குடியரசு' என்ற பெருமிதத்தை அம்பேத்கர் விட்டுவைக்கவில்லை. குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடமாகவே அவர் கிராமத்தைக் கண்டார். அரசமைப்பின் அலகாகக் கிராமத்தை நிராகரித்துத் தனிமனிதரை ஏற்றதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். நமக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்று யாராவது சொன்னால், ஊர் என்றால் எந்தத் தெரு, சேரியைக் கூப்பிட்டார்களா என்றுதான் நம் மனம் கேட்கும். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முறையான தேர்தல் நடக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. மேலவளவில் தேர்தல் நடந்தது. வென்ற முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதுதான் நமக்குத் தெரிந்த 'உள்ளாட்சி'.

அதே 1996இன் டிசம்பரில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. பட்டியல் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிவாக்கும் சட்டம். சுருக்கமாகப் பெசா. திலீப் சிங் பூரியா தலைமையிலான குழுவின் அறிக்கையை ஒட்டி வந்தது. இந்தச் சட்டத்தில் கிராமம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் கொடுத்திருக்கிறார்கள். வருவாய்த் துறை வரைபடத்தில் உள்ள கிராமம் இல்லை. ஒரு குடியிருப்போ சில குடியிருப்புகளோ சேர்ந்த, ஒரு சமூகமாகத் தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்கிற இடம்தான் கிராமம். இருபது வீடு உள்ள ஒரு பதியும் கிராமம் ஆகலாம். அதன் வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்தது கிராம சபை.

அம்பேத்கர் வெறுத்தது மண் சுவரையும் ஓலைக் கூரையையும் அல்ல. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்க, அந்த ஏற்பாட்டுக்கு 'சபை' என்று பெயர் வைப்பதைத்தான் வெறுத்தார். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, கிராமமா நகரமா என்பதல்ல. ஒரு முடிவால் யார் இழக்கப் போகிறார்களோ அவர்களுக்கு அந்த முடிவை மறுக்கும் அதிகாரம் இருக்கிறதா? சேரிக்காரர் ஊர்க்கூட்டத்தில் கேட்பதும் அதைத்தான். மலைக்காரர் டெல்லியிடம் கேட்பதும் அதைத்தான். அந்த அதிகாரம் கைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நியாம்கிரி என்ற மலையின் கதை இருக்கிறது.

ஒடிசாவில் ராயகடா, களஹண்டி மாவட்டங்களுக்கு இடையில் கிடக்கிறது நியாம்கிரி. டோங்ரியா கோந்த் மக்கள் வாழும் மலை. உச்சியில் ஏழு கோடி டன்னுக்கும் மேல் பாக்சைட் இருப்பதாக மதிப்பிட்டிருந்தார்கள். அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனம் அலுமினா ஆலையைக் கட்டிவிட்டது. மேலே சுரங்கம் தோண்ட வன அனுமதி வருவதற்கு முன்பே ஆலை எழுந்து நின்றது என்பதைக் கவனியுங்கள். ஆலையைக் கட்டிவிட்டால் மலையைத் தராமலா போவார்கள் என்கிற கணக்கு. 2010இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம், அந்த மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளும் வன உரிமைகளும் பாதிக்கப்படுகின்றனவா என்பதைக் கிராம சபைகளே பரிசீலித்துச் சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

மலையிலும் சரிவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் உண்டு. மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர்களை. அதிலேயே கணக்கு இருந்தது என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் சரியென்றே நானும் நினைக்கிறேன். ஜூலை 18 அன்று செர்கபாடியில் முதல் கூட்டம். மழைக்காலம். காவல் படை குவிந்து நிற்க, நடுவே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மக்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் மொழியில் பேசினார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஜரபாவில் கடைசிக் கூட்டம். பன்னிரண்டு ஊர்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. பிறகு ஒடிசா சுரங்கக் கழகம் மறுபடி கூட்டங்கள் நடத்த வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. 2016இல் அந்த மனுவும் தள்ளுபடியானது.

ஓர் உலகப் பெரு நிறுவனமும் ஒரு மாநில அரசும் ஒரு பக்கம். பன்னிரண்டு குக்கிராமங்கள் மறுபக்கம். குக்கிராமங்கள் வென்றன. வாசிக்கும்போது எனக்கு இன்றும் புல்லரிக்கும். ஆனால் இந்த வெற்றியில் எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு.

நியாம்கிரியின் உச்சியில் நியாம் ராஜா என்ற தெய்வம் இருப்பதாக டோங்ரியாக்கள் நம்புகிறார்கள். நீதிமன்றத்தின் கேள்வி பெரிதும் அந்தத் தெய்வத்தைச் சுற்றியே அமைந்தது. தெய்வம் இருக்கும் இடம் சுரங்கத்திலிருந்து தள்ளித்தானே இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதாடியது. மலை முழுவதுமே நியாம் ராஜாதான் என்று மக்கள் பதில் சொன்னார்கள். சரி, அந்த மலைமேல் தெய்வமே இல்லாதிருந்தால்? அந்த மக்கள் நாத்திகர்களாக இருந்திருந்தால்? "இது எங்கள் நிலம், இங்கே தினை விளைகிறது, ஓடையில் தண்ணீர் வருகிறது, எங்களுக்கு உங்கள் சுரங்கம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்குமா? ஒரு குடிமகன் தன் நிலத்தைக் காப்பாற்றப் பக்தனாக வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பழங்குடியை இயற்கையின் குழந்தையாக, அப்பாவியாக, மரத்தைக் கும்பிடுகிறவராகப் பார்த்து இரங்குகிற ஒரு மனநிலை நம் முற்போக்கு வட்டாரத்திலும் உண்டு. அந்த இரக்கத்தில் அரசியல் உரிமை காணாமல் போய்விடுகிறது.

'அரசியல் அறியாத மக்கள்' என்ற இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் கொஞ்சம் சங்கடமான இடத்தில் போய் நிற்போம். 1945 மே மாதம் பம்பாயில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். வகுப்புவாதச் சிக்கலுக்குத் தீர்வு சொல்லும் புகழ்பெற்ற உரை. அதில் யாருக்கு எத்தனை இடம் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் கணக்குச் சொல்கிறார். பழங்குடிகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தங்களுக்குக் கிடைக்கும் அரசியல் வாய்ப்பைப் பயன்படுத்தும் அரசியல் உணர்வை அவர்கள் இன்னும் அடையவில்லை, யாராவது அவர்களைக் கருவியாக்கிவிடக்கூடும் என்று காரணம் சொன்னார். அவர்களுடைய பகுதிகளை நிர்வகிக்கச் சட்டபூர்வ ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஏனென்றால் அப்போதே இதற்கு எதிரான சாட்சியம் நடமாடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் ஜெய்பால் சிங் முண்டா.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர். ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஐ.சி.எஸ். பணியை உதறியவர். 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பர் 19 அன்று அரசமைப்பு அவையில் எழுந்து, காட்டான் என்று தங்களை அழைக்கிறார்கள், அந்தப் பெயரில் தனக்குப் பெருமைதான் என்று சொல்லிவிட்டு, பழங்குடிகளுக்கு ஜனநாயகம் கற்றுக்கொடுக்க வராதீர்கள், அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்றார். அதே உரையில் இந்த அவையில் ஆண்கள் கூட்டம் அதிகம், பெண்கள் போதாது என்றும் சொன்னவர் அவர். மதுவிலக்குக் கோட்பாடு விவாதத்துக்கு வந்தபோது, அரிசிச் சோற்றில் ஊறவைத்த கள் எங்கள் சடங்குகளின் பகுதி, அது இல்லாமல் சந்தால் நாற்று நட மாட்டார் என்று வாதாடிய ஆளும் அவர்தான். காந்தியர்கள் நிறைந்த அவையில் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1949 செப்டம்பரில் ஐந்தாம் அட்டவணை விவாதத்துக்கு வந்தது. முந்தைய வரைவில் பழங்குடி ஆலோசனைக் குழுவின் சொல்லுக்கு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் வலு இருந்தது. அம்பேத்கர் முன்மொழிந்த புதிய வடிவத்தில் அது வெறும் ஆலோசனையாக இளைத்துவிட்டது. ஜெய்பால் சிங் தன் ஏமாற்றத்தைப் பதிவு செய்தார். ஆளுநர் நினைத்தால் ஒரு சட்டம் தன் மாநிலப் பட்டியல் பகுதிக்குப் பொருந்தாது என்று அறிவிக்கலாம்; நிலம் கைமாறுவதைத் தடுக்கலாம். எவ்வளவு பெரிய அதிகாரம்! அது ஆளுநர் கையில் இருக்கிறது. மக்கள் கையில் இல்லை. ஆளுநர்கள் அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அண்ணலைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நமக்காகப் பிறர் முடிவெடுக்கக் கூடாது என்ற பாடத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அவர் கொடுத்த அளவுகோலை வைத்தே 1945இல் அவர் எழுப்பிய ஐயத்தையும் அளந்து பார்க்கிறோம். அவ்வளவுதான்.

பெசா வந்த பிறகு இது சரியாகிவிட்டதா என்றால், இல்லை. நிலம் எடுப்பதற்கு முன் கிராம சபையைக் 'கலந்தாலோசிக்க' வேண்டும் என்கிறது சட்டம். ஒப்புதல் பெற வேண்டும் என்று சொல்லவில்லை. கலந்தாலோசித்தோம், அவர்கள் வேண்டாம் என்றார்கள், நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்றால் சட்டம் நிறைவேறிவிட்டது! அந்த அரைகுறைச் சட்டத்துக்கும் மாநிலங்கள் விதி வகுக்கவில்லை. சட்டீஸ்கரும் மத்தியப் பிரதேசமும் விதிகளை வெளியிட்டது 2022இல். பழங்குடிகளின் பெயரால் 2000இல் பிறந்த ஜார்க்கண்ட், அதன் பிறகு இருபது ஆண்டுகள் கடந்தும் விதி இல்லாமலே ஓட்டியது. அந்த ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் 2017, 2018இல் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். முண்டாக்கள் தங்கள் முன்னோருக்குக் கல் நடுகிறவர்கள். அதே வழக்கப்படி ஊர் எல்லையில் பெரிய கற்களை நட்டு, ஐந்தாம் அட்டவணையிலும் பெசாவிலும் உள்ள விஷயங்களை அவற்றில் பொறித்தார்கள். பத்தல்கடி என்று அதற்குப் பெயர். சில கற்களில் சட்டத்தில் இல்லாததும் இருந்தது, சரி. ஆனாலும் அரசமைப்பைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள்மேல் அந்த அரசமைப்பின் பெயரால் தேசத்துரோக வழக்கு போட்டார்கள். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரையும் அதில் சேர்த்தார்கள். 2019 டிசம்பர் இறுதியில் ஹேமந்த் சோரன் பதவியேற்ற அன்று அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முடிவெடுக்கப்பட்டது.

உலக அரங்கிலும் நம் அரசுக்கு இரண்டு நாக்கு. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச் சபையில் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்குமே பூர்வகுடிகளின் நிலத்தின் மேல் குடியேறியவர்கள் கட்டிய நாடுகள். இந்தியா ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்துவிட்டு, இந்தியாவில் இருக்கிற எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்ற தன் நிலைப்பாட்டையும் வைத்துக்கொண்டது. எல்லோரும் பூர்வகுடி என்றால் யாருக்கும் தனி உரிமை இல்லை என்று பொருள். 'வனவாசி' என்ற சொல்லை ஒரு கூட்டம் ஏன் இவ்வளவு விரும்புகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆதிவாசி என்றால் முதலில் இருந்தவர் என்ற வரலாறு வரும். வனவாசி என்றால் காட்டில் குடியிருப்பவர், அவ்வளவே. நாளை காட்டை விட்டு இறக்கிவிடலாம்.

இப்போது நண்பரின் கேள்விக்கு மறுபடி வருகிறேன். பழங்குடி ஊர்களில் ஒடுக்குமுறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாகாலாந்தில் அரசமைப்பின் 371ஏ பிரிவு வழக்காற்றுச் சட்டத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. அதையே கேடயமாக வைத்துக்கொண்டு நகர உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தருவதை ஆண்கள் அமைப்புகள் எதிர்த்தன. 2017இல் கலவரமே வந்தது. 2024 ஜூனில்தான், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, இட ஒதுக்கீட்டோடு நகராட்சித் தேர்தல் நடந்தது. மரபு என்ற சொல்லைக் கேட்டால் அது யாருடைய மரபு என்று கேட்கும் பழக்கத்தை நாம் மலையடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது.

தலித்துகளின் நிலை இன்னும் சிக்கல். டோங்ரியாக்களின் ஊர்களிலேயே டோம் எனப்படும் தலித் குடும்பங்கள் உண்டு. பழங்குடிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தலித்துகள் வன உரிமை கேட்டால், 2006 வன உரிமைச் சட்டம் 'மற்ற மரபுவழி வனவாழ் மக்கள்' என்ற தலைப்பில் அவர்களை வைத்து 75 ஆண்டு வசிப்பை நிரூபிக்கச் சொல்கிறது. நிலப்பத்திரமே பார்த்திராத ஒரு சமூகம் 75 ஆண்டு ஆவணத்துக்கு எங்கே போகும்? இந்தப் பிளவில்தான் இந்துத்துவம் நுழைகிறது. 2008இல் கந்தமாலில் கோந்த் மக்களைத் தலித் பாணா கிறித்தவர்களுக்கு எதிராக நிறுத்தி என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரியும். தன்னாட்சி கேட்கும் குரலும் சாதி ஒழிப்புக் குரலும் ஒன்றையொன்று கேட்காமல் போனால் கந்தமால் மறுபடி நடக்கும்.

அதனால்தான் வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, கிராம சபை கூட வேண்டுமென்றால் உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டம் செல்லாது. மூப்பர்கள் நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டு அதை மரபு என்று சொல்ல முடியாது. தன்னாட்சிக்குள் ஜனநாயகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு தொடக்கம். நம் ஊராட்சிகளின் கிராம சபைகளுக்கு இவ்வளவு கறாரான குறைவெண் இருந்தால் பாதிக் கூட்டங்கள் கூடவே முடியாது என்பது வேறு விஷயம்.

இதுவரை வட இந்தியாவையே பேசிக்கொண்டிருந்தேன். உங்களில் பலர் தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருப்பீர்கள். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே பழங்குடிகள் ஏறக்குறைய 7 லட்சத்து 95 ஆயிரம் பேர். மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டில் அவர்களுக்கு 1. சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 2: ஏற்காடும் சேந்தமங்கலமும். ஐந்தாம் அட்டவணைப் பகுதி நாட்டில் பத்து மாநிலங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. ஆகவே பெசாவும் இங்கே செல்லாது.

ஏன் இல்லை? 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது சென்னை மாகாணத்துக்கும் பட்டியல் பகுதி இருந்தது. ஆனால் அது கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கத்து ஏஜென்சி நிலங்கள். 1953இல் ஆந்திரா பிரிந்தபோது அவையும் அதோடு போய்விட்டன. கல்வராயன், சவ்வாது, கொல்லி, பச்சைமலை, சித்தேரி, நீலகிரி என்று இங்கே மிஞ்சிய மலைகளை யாரும் பட்டியலில் சேர்க்க முனையவில்லை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள், அந்த மலை மக்கள் ஜாகீர்தாருக்கு உழைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அட்டவணைப் பகுதி இல்லாவிட்டாலும் தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. நான் என் ஆய்வுக்காகப் பேசிய மலைவாசிகளில் அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வாச்சாத்தியை நாம் கொடுமையின் பெயராக நினைவில் வைத்திருக்கிறோம். சரிதான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஓர் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. என் ஆய்வு மாணவக் கண்ணில் இன்னொன்றும் படுகிறது. அன்று சந்தனமரம் தேடுகிறோம் என்று ஓர் ஊருக்குள் நுழைய அரசு ஊழியர்களுக்கு எந்த ஊர்ச்சபையின் அனுமதியும் தேவைப்படவில்லை. இன்றும் தேவையில்லை. காடு வனத்துறையின் சொத்து, அதில் மக்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் மாறாதவரை தண்டனை மட்டும் போதாது.

மாற்றத்தான் 2006 சட்டம் வந்தது. அது நாடு முழுவதற்கும் பொருந்தும், அட்டவணைப் பகுதி வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை பட்டா வழங்குவதைக் கட்டிப்போட்டது; 2016இல் உச்ச நீதிமன்றம் போய்த்தான் முடிச்சு அவிழ்ந்தது. பிறகும் கொடுக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி தனிநபர் பட்டா. காட்டை ஊரே நிர்வகிக்கும் சமூக வன வள உரிமை மிகக் குறைவு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மேண்டா லேகா என்ற கோண்டு ஊர் 2009இலேயே ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டின்மேல் அந்த உரிமையைப் பெற்றது. மூங்கில் வெட்டி விற்க வனத்துறையின் கையெழுத்து வேண்டாம் என்று போராடி, 2011இல் போக்குவரத்து அனுமதிச் சீட்டைத் தானே எழுதத் தொடங்கியது. டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசாங்கம் இருக்கிறது, எங்கள் ஊரில் நாங்களே அரசாங்கம் என்பது அந்த ஊரின் முழக்கம். அவர்கள் நாட்டைப் பிரித்துக்கொண்டு போகவில்லை. மூங்கில் விற்று ஊர்க்கணக்கில் பணம் போட்டார்கள்.

இங்கே நிலைமை எப்படி என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம். அலுவலகம் கீழே சமவெளியில். மூன்று பழங்குடிக் குக்கிராமங்கள் மேலே. கிராம சபைக்கு அவர்கள் இரண்டு மணி நேரம் நடந்து இறங்கி வந்தார்கள். வந்தபோது கூட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. பற்றாளர் கிளம்பத் தயாராகிவிட்டார். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன தீர்மானம் என்று ஒரு பெண் கேட்டார். "எல்லாம் உங்களுக்கு நல்லதுதாம்மா" என்று பதில் வந்தது. மொத்த வாக்காளரில் அவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. முழுமையாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாலும் தோற்றுத்தான் போயிருப்பார்கள். அண்ணல் எச்சரித்த கிராமம் இதுதான். பெரும்பான்மை முன்கூட்டியே முடிவாகிவிட்ட சபை.

இதற்கு மாற்று ஒன்றும் வானத்தில் இல்லை. கொல்லிமலை, கல்வராயன்மலை போல, மக்களில் மிகப் பெரும்பாலானோர் பழங்குடிகளாக உள்ள, தொடர்ச்சியான நிலப்பரப்புகளை ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதலாம். அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. அதற்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, பழங்குடிக் குக்கிராமம் ஒவ்வொன்றுக்கும் தனி கிராம சபை தர இந்தச் சட்டமன்றத்தால் முடியும். ஆளுநரின் கையெழுத்து தாமதமாகும் என்பீர்கள். ஆகட்டும். முதலில் நிறைவேற்றி அனுப்பட்டுமே. மாநில சுயாட்சி கேட்டு டெல்லியோடு மல்லுக்கட்டும் ஒரு மாநிலம், தனக்குக் கீழே இருக்கும் குக்கிராமத்துக்கு எவ்வளவு சுயாட்சி தருகிறது என்று கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. இந்தக் கேள்வியை ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டிடமும் கேட்கலாம். இரண்டுமே இதில் ஒன்றுபோல மௌனம்.

2019 பிப்ரவரி 13 அன்று, வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இரண்டு வாரத்தில் அதையே நிறுத்திவைத்தது. லட்சக்கணக்கான குடும்பங்களின் தலைக்குமேல் அந்தக் கத்தி இன்னும் தொங்குகிறது. புலிகள் காப்பகம், காட்டின் தூய்மை என்றெல்லாம் படித்த நகரவாசிகள் பேசும்போது, தீட்டு பற்றிய பழைய மொழி எனக்குக் கேட்கிறது. மனிதர் இருந்தால் காடு கெட்டுவிடுமாம். எந்த மனிதர்? விடுதி கட்டுகிறவர் இருந்தால் கெடாதாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் சட்டம் படிக்கிறவர்கள் ஐந்தாறு பேராவது இருக்கிறீர்கள். சமூக வன வள உரிமைக்கான விண்ணப்பம் 'படிவம் சி'. அதை நிரப்ப அரசு ஆவணம் இருந்தே தீர வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வார்கள், அது பொய். ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அது சாட்சியம். புதைகாடு சாட்சியம். மேய்ச்சல் பாதை சாட்சியம். விதி 13 அப்படித்தான் சொல்கிறது. ஒரு குக்கிராமத்துக்கு வரைபடம் போட்டு, பெரியவர்களிடம் கேட்டு எழுதி, சபையைக் கூட்டிப் படிவத்தை முடிக்க நான்கைந்து வார இறுதிகள் ஆகும். மலைக்கு ஏறத் தயாராக இருப்பவர்கள் பெயர் கொடுங்கள். அதற்கு முன் என் நண்பருக்கு இருந்ததுபோன்ற கேள்விகள் உங்களுக்கும் இருக்கும். அவற்றைப் பேசுவோம்.